டாட்டூவிலிருந்து டாரட் சீட்டுக்கு: அந்தக் கோடு யாருடையது?

மூன்று வாள்கள் துளைத்த ஒரு சிவப்பு இதயம். பின்னால் சாம்பல் நிற மேகம், மழை. இந்தப் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள்: ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருப்பவரின் முன்கையில், மெட்ரோவில் எதிரே நிற்பவரின் தோளில், இல்லாவிட்டால் இன்ஸ்டாகிராமில். 'ஏதோ டாட்டூ டிசைன்' என்று ஸ்க்ரோல் பண்ணிப் போயிருப்பீர்கள். ஆனால் அது ஒரு சீட்டு. டாரட் கட்டில் 'த்ரீ ஆஃப் ஸ்வார்ட்ஸ்', அதாவது மூன்று வாள். இன்று நாம் பார்க்கும் வடிவம் 1909-ல் லண்டனில் வெளியான ஒரு கட்டிலிருந்து வந்தது.

சீட்டில் இருந்த படம் தோலுக்குப் போனது பழைய கதை. சில ஆண்டுகளாகப் பயணம் எதிர்த்திசையிலும் நடக்கிறது. டாட்டூ படங்களை மூலமாக வைத்து முழு டாரட் கட்டையே வரைகிறார்கள். மெகாமண்டன் என்ற பெயரில் வரையும் பிரிட்டிஷ் ஓவியர் ஆலிவர் மண்டனின் 'டாட்டூ டாரட்' கட்டை லாரன்ஸ் கிங் பதிப்பகம் 2018-ல் வெளியிட்டது. இன்னும் பல ஓவியர்கள் இணையத்தில் நிதி திரட்டி, சொந்தமாகவே இப்படிப்பட்ட கட்டுகளை அச்சிடுகிறார்கள்.

சரி, இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? டிசைன் வேலையில் இருப்பவராக இருந்தால், 'நாமும் ஒரு கட்டு போடலாமே, நம்ம ஊர் பச்சை குத்துற ஸ்டைல்ல' என்று ஒரு யோசனை உங்களுக்கும் வந்திருக்கலாம். நல்ல யோசனைதான். கையில் ஐபேட் பென்சிலை எடுப்பதற்கு முன் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். இந்தப் படங்களை முதலில் யார் போட்டார்கள்? அவர்களுக்கு என்ன கிடைத்தது? டாரட், டாட்டூ இரண்டின் கதையிலும் இந்தக் கேள்விக்கான பதில் அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

டாரட் என்றால் என்ன?

மொத்தம் 78 சீட்டுகள். அதில் 22 சீட்டுகளுக்கு 'மேஜர் அர்கானா' என்று பெயர். மரணம், சூரியன், கோபுரம், தலைகீழாகத் தொங்குபவன் என்று ஒவ்வொன்றும் ஒரு தனிப் படம். மீதி 56-ம் நாம் ரம்மி ஆடும் கட்டைப் போலவே நான்கு வகை: கோப்பை, நாணயம், வாள், தடி. வகைக்கு 14 சீட்டு.

இது 15-ம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஆடப்பட்ட சீட்டாட்டம். அந்த 22 தனிப் படங்களும் துருப்புச் சீட்டுகள், அவ்வளவுதான். ஜோசியம் எல்லாம் கிடையாது. மிலானை ஆண்ட விஸ்கோன்டி, ஸ்ஃபோர்ட்சா குடும்பங்களுக்காகத் தங்கத் தகடு ஒட்டிக் கையால் வரைந்த சீட்டுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. வாள், கோப்பை, நாணயம், தடி என்ற நான்கு சின்னங்களும் அதற்கும் முன்பே எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் சீட்டுகளிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தவை. மம்லூக் சீட்டில் அந்தத் 'தடி' உண்மையில் போலோ மட்டை. போலோ தெரியாத ஊருக்குப் போனதும் அது வெறும் தடியாகிவிட்டது. ஒரு படம் ஊர் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஜோசியம் இதில் நுழைந்தது 18-ம் நூற்றாண்டுக் கடைசியில். 1781-ல் பிரான்ஸைச் சேர்ந்த அந்த்வான் கூர் டி ஜெபலின் என்பவர், இந்தச் சீட்டுகள் பண்டைய எகிப்தியப் பூசாரிகளின் ரகசிய நூல் என்று எழுதினார். அப்போது எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உலகில் ஒருவர்கூட இல்லை. ஷாம்போலியோன் அதன் முறையைக் கண்டுபிடித்தது 1822-ல்தான். யாராலும் சரிபார்க்க முடியாத கதை என்பதால் அது நன்றாகப் பரவியது. எத்தேய்லா என்ற பெயரில் எழுதிய இன்னொரு பிரெஞ்சுக்காரர் 1789 வாக்கில் குறி சொல்வதற்கென்றே தனிக் கட்டு வெளியிட்டார். டாரட் எதிர்காலத்தைக் காட்டும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அதைப் பற்றி இங்கே வேறு எதுவும் சொல்வதற்கில்லை. படங்களுக்கு வருவோம்.

பெயரில் இடம் கிடைக்காத ஓவியர்

உலகில் அதிகம் புழங்கும் டாரட் கட்டுக்கு 'ரைடர்-வெயிட்' என்று பெயர். ரைடர் என்பது பதிப்பகம். வெயிட் என்பது யோசனை சொல்லி, விளக்க நூல் எழுதிய ஆர்தர் எட்வர்ட் வெயிட். படங்களை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். பெயரைக் கவனித்தீர்களா? வரைந்தவரைத் தவிர மற்ற எல்லாரும் அதில் இருக்கிறார்கள்.

பமீலா 1878-ல் லண்டனில் பிறந்தவர். சிறுவயதில் சில ஆண்டுகள் ஜமைக்காவில் வளர்ந்தார். நியூயார்க்கின் பிராட் கல்லூரியில் ஓவியம் படித்தார். புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் தனது நியூயார்க் கேலரியில் 1907-ல் இவருடைய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அதுவரை புகைப்படங்கள் மட்டுமே தொங்கிய இடம் அது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், பெரிய வேலை ஒன்றை மிகச் சொற்பக் காசுக்கு முடித்திருப்பதாக பமீலா சொல்கிறார். அந்தப் பெரிய வேலை, டாரட் படங்கள்.

அவர் செய்தது சாதாரண வேலை இல்லை. அதுவரை புழங்கிய மார்சேய் கட்டுகளில் அந்த 56 சீட்டுகளில் எண்ணிட்ட சீட்டுகள் வெறும் எண்ணிக்கைதான்: ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பை வரைந்திருக்கும், முடிந்தது. பமீலா ஒவ்வொன்றுக்கும் ஒரு காட்சி வரைந்தார். ஐந்து கோப்பையில், கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவர் கவிழ்ந்து கிடக்கும் மூன்று கோப்பைகளைப் பார்த்துத் தலைகுனிந்து நிற்கிறார். பின்னால் நிமிர்ந்து நிற்கும் இரண்டை அவர் கவனிக்கவில்லை. இன்று வெளியாகும் டாரட் கட்டுகளில் பெரும்பகுதி, டாட்டூ பாணிக் கட்டுகள் உட்பட, பமீலா யோசித்த இந்தக் காட்சிகளின் மேல்தான் நிற்கின்றன. அவர் 1951-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள பியூட் என்ற ஊரில் இறந்தபோது கையில் பணம் இல்லை. கடனை அடைக்க அவருடைய பொருட்களை விற்றார்கள்.

டாட்டூ கடைச் சுவரில் ஒரு கட்டு

இப்போது டாட்டூ பக்கம். 1891-ல் நியூயார்க்கைச் சேர்ந்த சாமுவேல் ஓ'ரெய்லி மின்சார டாட்டூ இயந்திரத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். அதற்கு அடிப்படை, எடிசன் 1876-ல் கொண்டுவந்த மின்சாரப் பேனா. அந்தப் பேனா எதற்குத் தெரியுமா? தாளில் வரிசையாக நுண்ணிய ஓட்டை போட்டு, அதை ஸ்டென்சிலாக வைத்து ஒரே கடிதத்தைப் பல பிரதி எடுக்க. டாட்டூ மெஷினின் முன்னோர் ஒரு ஜெராக்ஸ் மெஷின் என்று சொன்னால் பெரிய தப்பில்லை.

அமெரிக்கத் துறைமுக ஊர்களில் டாட்டூ கடைகள் நகலெடுப்பதை நம்பியே ஓடின. கப்பலிலிருந்து இறங்கும் மாலுமிக்குச் சில மணி நேர லீவு. உட்கார்ந்து டிசைன் பேச யாருக்கும் நேரமில்லை. சுவர் முழுக்க வரைந்து மாட்டிய தாள்கள் இருக்கும். அவற்றுக்கு 'ஃபிளாஷ்' என்று பெயர். நங்கூரம், சிட்டுக்குருவி மாதிரியான ஸ்வாலோ பறவை, கத்தி குத்திய இதயம், ரோஜா, பாம்பு, மண்டையோடு. விரலை நீட்டி ஒன்றைக் காட்டினால் போதும். அந்தப் படத்தின் கோடுகளை முன்பே கீறிவைத்த அசிடேட் தகடு ஒன்று தயாராக இருக்கும். கீறலில் கரித்தூளைத் தேய்த்து, தோலில் வாசலின் தடவி, தகட்டை அழுத்தினால் கோடு தோலில் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் ஊசி ஓடும். அடுத்த ஆள் வந்தால் அதே தகடு.

நூறு பேருக்கு ஒரே படம் போட வேண்டும், அது இருபது வருஷம் கழித்தும் என்னவென்று தெரிய வேண்டும். தோலுக்குள் போன மை காலப்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவும். மெல்லிய விவரமெல்லாம் கலங்கிவிடும். அதனால்தான் அமெரிக்கன் டிரெடிஷனல் என்ற இந்தப் பாணியில் தடித்த கறுப்பு எல்லைக்கோடு, அழுத்தமான கறுப்பு நிழல், சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஒருசில நிறங்கள். மீதி இடத்தில் தோல் அப்படியே தெரியும். ஹொனலுலுவின் ஹோட்டல் தெருவில் கடை வைத்திருந்த நார்மன் காலின்ஸ், 'செய்லர் ஜெர்ரி' என்று பெயர் பெற்றவர், இந்தப் பாணியின் பெரிய பெயர். 1973-ல் இறந்தார். ரம் பாட்டிலில் இன்று நீங்கள் பார்க்கும் பெயர் அவருடையதுதான்.

டாரட்டோடு இது எங்கே சேர்கிறது? மார்சேய் சீட்டுகளை மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தார்கள். நிறம் போட்டது ஸ்டென்சில் வைத்து. மலிவான தாள், தடித்த கோடு, நாலைந்து நிறம், நூற்றுக்கணக்கில் பிரதி. பாருங்கள், ஃபிளாஷுக்கு இருந்த அதே நெருக்கடி. பல முறை நகலெடுத்தாலும் சாகாத கோடு இரண்டுக்கும் வேண்டியிருந்தது. டாட்டூ படத்தைச் சீட்டில் வைத்தால் அது பொருந்திப்போவதற்கு 'மிஸ்டிக்' காரணம் ஒன்றும் தேடவேண்டாம். இரண்டுமே தொழிலாளர்கள் அவசரமாகப் பிரதி எடுத்த படங்கள். ஏழு சென்டிமீட்டர் அகலம், பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரச் சீட்டை மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு நொடியில் அடையாளம் காண வேண்டும். முன்கை டாட்டூவும் அதே அளவு, அதே தூரம்.

எந்தப் படம் எந்தச் சீட்டுக்கு?

கட்டு வரைகிறவர்களுக்குச் சுவாரசியமான இடம் இதுதான். சில பொருத்தங்கள் தானாகவே அமையும். கத்தி குத்திய இதயம் ஏற்கெனவே மூன்று வாள். 'நட்சத்திரம்' சீட்டுக்கு மாலுமிகள் குத்திக்கொண்ட ஐந்து முனை நட்சத்திரம், ஒவ்வொரு முனையிலும் பாதி கறுப்பு, பாதி நிறம். கடலில் திசை தப்பாமல் வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகப் போட்டது அது. டாரட்டிலும் நட்சத்திரம் என்றால் நம்பிக்கை. எல்லாம் இடிந்து விழும் 'கோபுரம்' சீட்டுக்கு அடுத்து வருவது. அந்தக் கோபுரத்துக்கே ஃபிளாஷில் ஜோடி உண்டு: 'செய்லர்ஸ் கிரேவ்', அதாவது மாலுமியின் கல்லறை என்ற பழைய டிசைன். அலைக்குள் மூழ்கும் கப்பல். இடிந்து விழும் கட்டடத்தைவிட, கப்பலில் வாழ்கிறவனுக்கு இதுதான் உண்மையான பேரழிவு.

'மேன்ஸ் ருயின்' என்று இன்னொன்று. ஆணைக் கெடுப்பவை என்று அந்தக் காலத்து ஆட்கள் நினைத்ததெல்லாம் ஒரே படத்தில்: பெண், மது, தாயக்கட்டை, சீட்டு. 'சாத்தான்' சீட்டுக்கு அப்படியே வைக்கலாம். சீட்டுக்குள்ளேயே சீட்டு இருப்பது தனி வேடிக்கை. பெண்ணைக் கெடுதலாகப் போடும் பழைய புத்தியையும் சேர்த்து வைக்கிறோமா என்பதை வரைபவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சில பொருத்தங்கள் ஏமாற்றும். 'வலிமை' சீட்டில் பமீலா வரைந்தது ஒரு பெண் சிங்கத்தின் வாயை மென்மையாக மூடும் காட்சி. ஃபிளாஷில் வலிமைக்குரிய விலங்கு கருஞ்சிறுத்தை. நகத்தில் ரத்தம் சொட்ட, கையில் மேல்நோக்கி ஏறும். இந்தச் சிறுத்தையை அந்தச் சீட்டில் போட்டால் அர்த்தம் தலைகீழாகிவிடும். ஒன்று அடக்கம், இன்னொன்று அடங்காமை. ஸ்டைலை மட்டும் பார்த்து இரண்டும் 'மிருகம்தானே' என்று மாற்றிவைக்கும் கட்டுகள் நிறைய இருக்கின்றன. பார்க்க அழகாக இருக்கும், கையில் எடுத்தால் பேசாது.

பெரிய சிக்கல் மனிதர்களில் வருகிறது. நான்கு வகைக்கும் ராஜா, ராணி, குதிரைவீரன், பணியாள் என்று 16 மனிதச் சீட்டுகள் தேவை. ஃபிளாஷில் இருக்கும் மனிதர்கள் யார்? அரைகுறை ஆடையில் பின்-அப் பெண்கள், ஹவாயின் ஹுலா நடனப் பெண், இறகுக் கிரீடம் வைத்த அமெரிக்கப் பழங்குடித் தலைவர், ஜப்பானிய கெய்ஷா. வெள்ளைக்கார மாலுமிகளுக்காக, பெரும்பாலும் வெள்ளைக்கார ஆண்கள் வரைந்தவை. ஹவாய்ப் பெண்ணிடமோ பழங்குடித் தலைவரிடமோ யாரும் கேட்கவில்லை. வாள் ராணி, நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு கையை நீட்டும் கடுமையான பெண். அந்த இடத்தில் கண் சிமிட்டும் பின்-அப் பெண்ணை வைத்தால் சீட்டு செத்துவிடும். புதிய கட்டுகளை வரையும் பலர் இந்த 16 சீட்டுகளில்தான் பழைய பாணியை உடைத்து வெளியே வர வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் தோலிலிருந்து தாளுக்கு

'நம்ம ஸ்டைல்ல போடலாமே' என்ற யோசனைக்கு இப்போது வருவோம். உங்கள் பாட்டி அல்லது கொள்ளுப்பாட்டியின் முன்கையில் கோலம் போலவோ பெயராகவோ பச்சை குத்தியிருந்திருக்கும். ஊர் ஊராக வந்த குறவர் பெண்கள் குத்திவிட்டது. வட இந்தியாவில் இதற்கு கோத்னா என்று பெயர். அதுவும் ஊசிக் கலைதான். புள்ளியும் சிறு கோடுமாகத்தான் போக முடியும். நகலெடுக்கத் தாங்கும் கோடு என்று மேலே சொன்னோமே, அதே விதி இங்கேயும்.

உடம்பில் இருந்த கோத்னா தாளுக்கு வந்த கதை, பீகாரின் மதுபனி மாவட்டத்தில் ஜித்வார்பூர் என்ற கிராமத்தில் நடந்தது. 1966-67 வறட்சியின்போது, அகில இந்தியக் கைவினை வாரியத்தில் இருந்த புபுல் ஜெயகரின் முயற்சியில் ஓவியர் பாஸ்கர் குல்கர்னி அந்தப் பகுதிக்குப் போனார். வீட்டுச் சுவரில் வரைந்துவந்த பெண்களைத் தாளில் வரையச் சொல்லி, அதை விற்க ஏற்பாடு செய்தார்கள். இன்று காபி மக்கில் பார்க்கும் மதுபனி ஓவியம் சந்தைக்கு வந்தது அப்படித்தான். முதலில் வெளிச்சத்துக்கு வந்தவர்கள் பிராமணர், காயஸ்தர் வீட்டுப் பெண்கள். அவர்களுடைய கடவுள் படங்கள், திருமண அறைப் படங்கள்.

அதே ஊரில் துசாத் என்ற தலித் சமூகப் பெண்களும் இருந்தார்கள். 1970-களில் அங்கே வந்த ஜெர்மன் ஆய்வாளர் எரிகா மோசர், உங்களுடையதையே வரையுங்கள் என்று அவர்களை ஊக்கப்படுத்தினார். சானோ தேவி என்ற துசாத் பெண், தங்கள் கைகால்களில் குத்தியிருந்த கோத்னா உருவங்களைத் தாளுக்குக் கொண்டுவந்தார். வரிசை வரிசையாக, வட்டத்துக்குள் வட்டமாக, சின்னச் சின்ன மனிதர்கள், விலங்குகள், செடிகள். விளக்குக் கரியில் செய்த மை, மூங்கில் குச்சி. மேல்சாதியினரின் புராணக் காட்சிகளுக்குப் பதிலாகத் தங்கள் குலநாயகன் ராஜா சல்ஹேஷின் கதையை வரைந்தார்கள்.

அங்கீகாரம் எப்படி வந்தது என்று பாருங்கள். மதுபனி ஓவியர் ஜகதம்பா தேவிக்கு 1975-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கோத்னா ஓவியர்களான சாந்தி தேவி பாஸ்வான், ஷிவன் பாஸ்வான் தம்பதிக்குக் கிடைத்தது 2024-ல். நடுவில் 49 வருஷம்.

டாட்டூவைத் தாளுக்குக் கொண்டுவருவது என்றால் அந்த ஊரில் இதுதான் அர்த்தம்: சொந்தத் தோலில் இருந்ததைச் சொந்தக் கையால் வரைந்து, சொந்தப் பெயரில் விற்பது. ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து, பின்ட்ரெஸ்டிலிருந்து பத்து கோத்னா படங்களை இறக்கி, 78 சீட்டில் அடுக்குவது இதே வேலை இல்லை. ஏஐ டூலில் 'கோத்னா டாரட்' என்று டைப் பண்ணினால் இரண்டு நிமிடத்தில் கட்டே வந்துவிடும். அதில் யாருடைய கை இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது.

எல்லா டாட்டூவும் கடைச் சுவரில் மாட்டிய ஃபிளாஷ் மாதிரி விரல் நீட்டி வாங்குவதற்காகப் போட்டவையும் இல்லை. சத்தீஸ்கரின் ராம்நாமி சமூகத்தினர் உடம்பு முழுக்க, சிலர் நெற்றி, முகம் வரை, 'ராம்' என்று பச்சை குத்திக்கொண்டார்கள். கோயிலுக்குள் விடாத சாதியமைப்புக்கு 19-ம் நூற்றாண்டுக் கடைசியில் அவர்கள் கொடுத்த பதில் அது: கடவுள் பெயரை உள்ளே போய்ப் பார்க்க விடமாட்டீர்கள், இதோ என் உடம்பிலேயே இருக்கிறது. நாகாலாந்தின் கொன்யாக் ஆண்கள் முகத்தில் இருந்த கோடுகள் தலைவேட்டைப் போரில் பங்கெடுத்தவர்களுக்கு உரியவை. காசு கொடுத்து வாங்கக்கூடியவை அல்ல. இவற்றை 'துறவி' சீட்டிலோ 'பேரரசர்' சீட்டிலோ டெக்ஸ்சராக ஒட்டினால், போலோ மட்டைக்கு நடந்ததே நடக்கும். மம்லூக்குகள் இன்று இல்லை. இந்த மக்கள் இருக்கிறார்கள், பேரன் பேத்திகளோடு, ஃபோனில் உங்கள் கட்டைப் பார்க்கப்போகிறவர்களாக.

சட்டம் எதுவரை வரும்?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன்படி ஓவியருக்குள்ள உரிமை அவர் வாழ்நாளும், இறந்த பிறகு 60 வருஷமும். பமீலா இறந்தது 1951. அந்தக் கணக்கில் 2011 முடிவோடு காலம் முடிந்தது. பிரிட்டனில் 70 வருஷம் என்பதால் 2021 முடிவில். ஆகவே பமீலாவின் 1909 படங்களை வைத்து நீங்கள் புதிதாக வரையலாம். பிற்காலத்தில் வேறொருவர் மறுவண்ணம் தீட்டிய பதிப்பை ஸ்கேன் பண்ணிப் போடுவது வேறு விஷயம். அதற்குத் தனி உரிமை இருக்கலாம். மெகாமண்டன் போன்ற இன்றைய ஓவியர்களின் கட்டுகள் முழுக்க உரிமையுள்ளவை. உங்களுக்கு டாட்டூ போட்ட கலைஞர் தானே யோசித்து வரைந்த டிசைனும் அப்படித்தான். தோல் உங்களுடையது, டிசைன் அவருடையது. அதைச் சீட்டில் அச்சிட அவரிடம் கேட்க வேண்டும்.

இது வெறும் தியரி இல்லை. 2011-ல் 'தி ஹேங்ஓவர் பார்ட் 2' படம் வெளியானபோது, குத்துச்சண்டை வீரர் மைக் டைசனின் முகத்தில் டாட்டூ போட்ட விக்டர் விட்மில் வழக்குப் போட்டார். அதே டிசைனைப் படத்தில் இன்னொரு நடிகரின் முகத்தில் வைத்திருந்தார்கள். வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் அவரோடு சமரசம் செய்துகொண்டது. கதை அங்கே முடியவில்லை. டைசனின் டாட்டூவே நியூசிலாந்து மாவோரி மக்களின் முகப் பச்சை மரபின் தாக்கத்தில் வரைந்தது. எங்களிடமிருந்து எடுத்ததற்கு இவர் எப்படி உரிமை கேட்கலாம் என்று மாவோரி தரப்பிலிருந்து குரல் எழுந்தது. நீதிமன்றத்தில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

இந்தியாவிலும் அந்த ஓட்டை அப்படியே இருக்கிறது. பதிப்புரிமைக்கு ஒரு தனிமனிதர் வேண்டும், ஒரு காலக்கெடு வேண்டும். நூற்றுக்கணக்கான வருஷமாகப் பெண்கள் ஒருவருக்கொருவர் குத்திவிட்ட உருவத்துக்கு இரண்டும் கிடையாது. மதுபனி ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. அது அந்தப் பெயரில் விற்பதைக் கட்டுப்படுத்தும். உருவத்தை எடுப்பதைத் தடுக்காது. ஆக, ஒரு பழைய கோத்னா உருவத்தை எடுத்து நீங்கள் சீட்டு அச்சிட்டால் பெரும்பாலும் யாரும் வழக்குப் போட முடியாது. உயிரோடு இருக்கும் ஓர் ஓவியர் வரைந்த கோத்னா ஓவியத்தை எடுத்தால் மட்டும் முடியும்.

சேர்ந்து வேலை செய்யலாம் என்று முடிவெடுத்தால் சட்டம் உண்மையிலேயே உதவும், பலருக்கு அது தெரிவதில்லை. ஓவியரிடமிருந்து உரிமை வாங்குவதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம்தான். எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். இது சட்டத்தின் 19-வது பிரிவு. 57-வது பிரிவு இன்னும் முக்கியம்: உரிமையை முழுசாக விற்றுவிட்டாலும், 'இது நான் வரைந்தது' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஓவியரிடமே இருக்கும். ஒரே தடவை பணம் கொடுத்து 78 படம் வாங்குவதற்குப் பதிலாக, விற்கும் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பங்கு என்று எழுதலாம். எந்த உருவத்தைச் சீட்டில் போடலாம், எதைப் போடக்கூடாது என்பதையும் அவரே சொல்லட்டும். 'மரணம்' சீட்டுக்கு அவர் என்ன வரைவார் என்று கேட்டுப் பாருங்கள். மண்டையோடாக இருக்காது என்று நினைக்கிறேன்.

உங்களிடமோ நண்பரிடமோ ரைடர் கட்டு இருந்தால் ஒரு சீட்டை எடுத்து, படத்தின் கீழ்ப்பகுதியில் கோடுகளுக்கு நடுவே உற்றுப் பாருங்கள். பி, சி, எஸ் மூன்று எழுத்தும் ஒன்றோடொன்று பின்னி, பாம்பு நெளிவது போல ஒரு சின்னக் குறி தெரியும். கட்டின் பெயரில் இடம் கிடைக்காத பமீலா, சீட்டு சீட்டாகத் தானே போட்டுவைத்த கையெழுத்து அது.